கதவு தெரியும் சுவர்

விழுப்புரம்,
9 ஜூன் 2024, ஞாயிறு

செல்வி,

இனிமேல் என் குரல் உன் காதில் விழக் கூடாது என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோர் முன்னாலும் சொன்னாய். அன்றைக்கே உன் போனில் என் நம்பரையும் தடுத்துவிட்டாய். போன மாதம் திண்டிவனம் வந்து உன் வீட்டு வாசலில் நின்றேன். உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் கூப்பிட்டதும் மெஷின் நின்றது. கதவு திறக்கவில்லை. பஸ் ஏறி வந்துவிட்டேன். கடிதத்துக்குக் குரல் கிடையாது, அதனால் எழுதுகிறேன். பத்தாவதுக்குப் பிறகு நான் இவ்வளவு எழுதுவது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

அப்பா விழுந்து இன்றோடு நாற்பத்தேழு நாள். நீ அவரைத் திண்டிவனம் கூட்டிப்போன பிறகு காலியாகக் கிடக்கும் அவர் அறையில், நேற்றுப் பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு காரியம் செய்தேன். அவர் மங்கல் பார்வை எப்படி இருக்கும் என்று பார்க்க, பழைய மூக்குக்கண்ணாடி ஒன்றில் கிரீஸைத் தடவி மாட்டிக்கொண்டு, அவர் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தேன். கதவைக் காணவில்லை செல்வி. சுவர் வெள்ளை, கதவு வெள்ளை, நிலை வெள்ளை, சுவிட்ச் போர்டு வெள்ளை, கட்டில் விரிப்பும் வெள்ளை. கதவுக்குப் பளபளப்பு எனாமல் வேறு. ஜன்னல் வெயில் உள்ளே வந்ததும் எல்லாம் ஒன்றாகிவிட்டது. சுவரைத் தடவிக்கொண்டே போய்த்தான் நாதாங்கியைப் பிடித்தேன். அந்தக் கதவைத் தச்சர் மாட்டும்போது பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.

அந்த அறையை மாற்றி அடிக்கப் போகிறேன். கதவு இருக்கிற சுவரை மட்டும் நல்ல அடர் நிறமாக அடிக்கலாம் என்று நினைக்கிறேன். எந்த நிறம் என்பதை அப்பாவின் கண்தான் சொல்ல வேண்டும். போனில் படம் அனுப்பினால் நிறம் பொய் சொல்லும், என் போனில் ஒரு பச்சை, உன் போனில் வேறு பச்சை. அதனால் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, ஒவ்வொன்றிலும் இரண்டு கோட் அடித்துக் காயவைத்து அனுப்பியிருக்கிறேன். எட்டு அட்டை. பின்னால் எண் போட்டிருக்கிறேன். ஒன்று முதல் நாலு வரை வெளிர், ஐந்து முதல் எட்டு வரை அடர். அப்பாவிடம் காட்டு. பகலில் ஒரு தடவை, டியூப் லைட்டில் ஒரு தடவை.

அவர் எப்படி நடக்கிறார் என்று ஒரு வரி எழுது.

தென்னரசு


திண்டிவனம்,
14 ஜூன் 2024

அண்ணா,

நீ அனுப்பிய எட்டு அட்டையையும் இதே கவரில் திருப்பி அனுப்புகிறேன்.

உனக்குப் புத்தி இருக்கிறதா? ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது, இன்னொன்று போய்க்கொண்டிருக்கிறது, அந்த மனுஷனுக்கு இருட்டு நிறத்தில் அறை அடிக்கப் போகிறாயா? ஏழாம் நம்பர் அட்டையை எடுத்ததும் கவிழ்த்து வைத்துவிட்டேன். அம்மாவின் சவப்பெட்டி மேல் போட்ட துணி அந்த நிறம்தான். அதை அப்பாவின் தலைமாட்டில் அடிக்கலாம் என்று உனக்குத் தோன்றியதே, அதைச் சொல்ல வேண்டும்.

கதவுக்கும் சுவருக்கும் வித்தியாசம் தெரியாமல் அடித்தது யார்? இருபத்தாறு வருஷமாக ஊரார் வீட்டுச் சுவரெல்லாம் அடிக்கிறாயே, பெற்ற அப்பாவின் அறை எப்படி இருக்க வேண்டும் என்று தெரியாமல் போனதா? அவர் மத்தியானம் விழுந்தார். நீ வளவனூரில் யாரோ வீட்டு ஹாலுக்கு ரோலர் ஓட்டிக்கொண்டிருந்தாய். பிரபா அண்ணி துணிக்கடையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தார்கள். இரண்டு மணி நேரம் தரையில் கிடந்திருக்கிறார். இடுப்பில் பிளேட் வைத்திருக்கிறது. எழுபத்து நாலு வயதில் பிளேட்.

ஒரு வரி கேட்டாய். வாக்கர் பிடித்துப் பாத்ரூம் வரைக்கும் போகிறார். சாப்பிடுகிறார். தினமும் காலையில், "வூட்டுக்கு எப்பம்மா போறது?" என்கிறார். "இது வூடு இல்லியா?" என்றால் வாக்கரைக் கிட்ட இழுத்து வைத்துக்கொள்கிறார். அந்த வெள்ளை அறைக்கும் அவரை அனுப்ப மாட்டேன், உன் இருட்டு அறைக்கும் அனுப்ப மாட்டேன். உன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டவில்லை.

ஆரோக்கியசெல்வி


விழுப்புரம்,
19 ஜூன் 2024

செல்வி,

நீ எழுதியதில் நான் மறுத்துச் சொல்ல எதுவும் இல்லை. பாத்ரூம் வரைக்கும் நடக்கிறார் என்ற வரியைப் பிரபாவிடம் நாலு தடவை படித்துக் காட்டினேன். அவள் அழுதாள்.

நிறத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த விஷயம். வெளிர் நிறத்தில் நல்லது நிறைய உண்டு. சின்ன அறை பெரிதாகத் தெரியும், ஒரு பல்பு போட்டால் இரண்டு போட்டது போல இருக்கும், மனசுக்கும் லேசாக இருக்கும். நம்மைப் போன்ற கண்ணுக்கு அது போதும். அப்பாவுக்கு வெளிச்சம் குறைச்சல் இல்லை. எது எங்கே முடிகிறது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. வெள்ளைச் சுவர் வெயிலை வாங்கி அப்படியே முகத்தில் அடிக்கிறது, அதிலும் பளபளப்பு இருந்தால் ரொம்ப மோசம். அடர் நிறம் அறையைச் சின்னதாக்கும், தூசி காட்டும், ஆணி அடித்த ஓட்டையைக் கூட காட்டிக்கொடுக்கும். பாதி வீட்டுக்காரர்கள் அடித்த மறுநாளே முகம் சுளிப்பார்கள். ஆனால் அதன் முன்னால் வைத்த பொருள் தனியாக நிற்கும். நாலு சுவரும் அடிக்கச் சொல்லவில்லை. ஒரே சுவர். மற்ற மூன்றும் பளபளப்பு இல்லாத சந்தன நிறம். அடர் சுவருக்கு நடுவில் கதவு மட்டும் வெள்ளை.

ஏழாம் நம்பரைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அம்மாவின் நினைவு எனக்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை. மற்ற ஏழையும் மறுபடி அனுப்புகிறேன். எந்த நிறம் பிடிக்கிறது என்று அவரைக் கேட்காதே, நம் மனசு நோகாமல் ஏதாவது சொல்லிவிடுவார். ஒவ்வொரு அட்டை மேலும் உன் பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டைப் பட்டனை வைத்து, எடுக்கச் சொல். அவர் கையைப் பார்த்துக்கொண்டிரு. அதற்குப் பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் நான் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்.

தென்னரசு


திண்டிவனம்,
27 ஜூன் 2024

அண்ணா,

செய்யக் கூடாது என்றுதான் மூன்று நாள் கவரைப் பிரிக்காமல் வைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை இவர் வேலைக்குப் போன பிறகு, மெஷின் மேஜையைத் துடைத்து, அப்பாவை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, முதல் அட்டையை வைத்தேன். பட்டனை எடுக்கச் சொன்னேன்.

"எங்க வெச்சிருக்கற?" என்றார். அட்டை மேல்தான் என்றேன். அவர் விரல் அட்டை முழுக்க ஊர்ந்தது. பட்டன் மேல் பட்டு, அதைத் தாண்டிப் போய், திரும்பி வந்தது. இரண்டாம் அட்டை, மூன்றாம் அட்டை, அப்படியேதான். நாலாவதில் பட்டனைத் தட்டிக் கீழே விட்டுவிட்டு, "வுடும்மா, பேஜாரா கீது" என்றார். நான் விடவில்லை. ஐந்தாவதை வைத்தேன், அந்தச் செங்காவி கலந்த அடர் பழுப்பு. கை நேராக வந்தது. ஒரே தடவை. இரண்டு விரலால் பட்டனைப் பிடித்துத் தூக்கி என்னிடம் நீட்டினார்.

"இது கூட்ஸ் வண்டி கலரு" என்றார். "ஜங்ஷன்ல மூட்ட தூக்கறப்ப, வேகன் மேல சாக்பீஸ்ல நெம்பரு எழுதியிருப்பாங்க. அந்தக் கோடியில நின்னுகினே படிப்பேன். எனக்கா தெரியாது?"

அண்ணா, நான் தையல்காரி. வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் போட்டுப் பிரிக்கச் சொன்னால் எனக்கே கண்ணில் தண்ணீர் வரும். கறுப்புத் துணி மேல் வெள்ளை நூல் என்றால் கண்ணாடி இல்லாமல் பிரிப்பேன். முப்பது வருஷமாகத் தெரிந்த விஷயம். அப்பாவுக்கு மட்டும் அதை நினைக்கவில்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தைப் போட மாட்டேன். பிப்ரவரியில் நீ அந்த அறைச் சுவருக்குப் பட்டி பூசிக்கொண்டிருந்தபோது போனில் கேட்டாய். "வெள்ளை வெளேர்னு அடிண்ணா, கண்ணு மங்கறவருக்கு வெளிச்சமா இருக்கட்டும்" என்று சொன்னது நான். "கதவு மட்டும் பழுப்பா இருந்துட்டுப் போவட்டுமே" என்றாய். அழுக்குக் கதவு எதற்கு, அதையும் சேர்த்து வெள்ளை அடி என்று பிடிவாதம் பிடித்ததும் நான்தான். ஆஸ்பத்திரியில் அத்தனை பேர் முன்னால் உன்னைத் திட்டும்போது எனக்கு அது ஞாபகம் இருந்தது. இருந்துகொண்டேதான் திட்டினேன். நீ வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அடங்கியிருப்பேன். நீ சும்மா நின்றது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

பாண்டிச்சேரி கண் டாக்டரிடம் கூட்டிப்போனோம். கண்ணில் அழுத்தம் குறைய மருந்து மாற்றியிருக்கிறார். வலது கண் திரும்பாது. இடது கண் மழைக்காலம் வரைக்கும் தாங்கலாம், முன்னே பின்னே ஆகலாம் என்றார். அப்பாவை வெளியே உட்காரவைத்துவிட்டு எங்களிடம் சொன்னார். ஆனால் அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. பஸ்ஸில் வரும்போது மயிலம் மலை வந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். மலை தெரிந்ததா என்று நான் கேட்கவில்லை.

ஐந்தாம் எண் அட்டையை அவர் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். திருப்பித் தர மாட்டாராம்.

செல்வி


விழுப்புரம்,
3 ஜூலை 2024

செல்வி,

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டாய். நீ சொன்னாய் என்பது நிஜம். பிரஷ் என் கையில் இருந்தது என்பதும் நிஜம். வீட்டுக்காரர் என்ன கேட்டாலும் அந்தச் சுவருக்கு எது ஆகாது என்று எடுத்துச் சொல்லத்தான் பெயிண்டர். ஆனால் அதற்காக மட்டும் நான் பேசாமல் நிற்கவில்லை. உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. இதைப் படித்துவிட்டு நீ மறுபடி கதவைச் சாத்தினாலும் சரி.

அந்த அறை அடித்து முடித்ததும் எனக்குப் பெரிய கர்வம். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமான வெள்ளை நான் அடித்ததில்லை, ஒரு ரோலர் கோடு கிடையாது. போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். வளவனூர்க்காரரை நேரிலேயே கூட்டிவந்து காட்டினேன். அவர் வந்தபோது அப்பா கட்டிலில் படுத்திருந்தார். எழுப்பி வெளியே நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அவர் போர்வையைச் சுருட்டிக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு அறையைக் காட்டினேன். அந்த வேலை அப்படித்தான் கிடைத்தது. அப்பா விழுந்த அன்றைக்கு நான் செய்துகொண்டிருந்த அதே வேலை.

விழுவதற்கு ஒரு வாரம் முந்தி அப்பா சுவரைத் தடவிக்கொண்டு நின்றதை என் கண்ணால் பார்த்தேன். "இன்னாப்பா, கதவத் தேடறியா?" என்று சிரித்தேன். "வெளிச்சம் ஜாஸ்தியா கீதுடா" என்றார். என் வேலையைப் புகழ்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். இதை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் நான் உன்னிடம் என்ன பேசுவது?

திங்கட்கிழமை எனாமலை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன். ஆளை வைத்துக்கொள்ளவில்லை. நேற்று பிரைமர் முடிந்தது. நாளை ஐந்தாம் எண் முதல் கோட். வாசனை போகப் பத்து நாளாவது ஆகும். அதற்குப் பிறகு அப்பாவை அனுப்புவதும் அனுப்பாததும் உன் இஷ்டம். மாப்பிள்ளை கூட்டிவந்தால் போதும், என் முகத்தைப் பார்க்க நீ வர வேண்டாம்.

தென்னரசு


திண்டிவனம்,
16 ஜூலை 2024

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பல நாள் எழுதத் தோன்றவில்லை. போர்வையைச் சுருட்டித் தள்ளினாய் என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். கோபம்தான். பொய் சொல்ல மாட்டேன்.

பிறகு அப்பாவுக்கு முழுசாகப் படித்துக் காட்டினேன், அவருக்கும் தெரியட்டும் என்று. கேட்டுவிட்டு, "நல்லாத் தெரியும். வளவனூர்க்காரரு வந்தப்ப நான் வெளிய ஒக்காந்துகினு இருந்தேன். 'இன்னா வேலைங்க இது'ன்னு அவுரு சொன்னாரு. எம் மவன் வேலைய ஒருத்தரு அப்படிச் சொல்றத அன்னிக்குத்தான் கேட்டேன். எனக்கு எவ்ளோ சந்தோசம் தெரியுமா?" என்றார். அப்படியென்றால் கதவு தெரியவில்லை என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா அவன் மறுபடி அடிப்பான். அவ்ளோ நல்லா அடிச்சத நானா கெடுக்கறதுன்னு வுட்டுட்டேன்" என்றார்.

மூன்று பேரும் ஆளுக்கொன்றை வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். விழுந்தது அவர்.

ஒரு விஷயம். தினமும் காலையில் அந்த அட்டையில் பட்டன் வைத்து எடுக்கச் சொல்கிறேன். போன வாரம் வரைக்கும் ஒரே தடவையில் எடுத்தார். நேற்று இரண்டாம் தடவைதான் கிடைத்தது. இன்றைக்கும் இரண்டாம் தடவைதான். எனக்குப் பயமாக இருக்கிறது. நான் பிடித்துவைத்துக்கொண்டு இருக்கும்போது அவர் பார்வை இங்கேயே முடிந்துவிடக் கூடாது.

வருகிற ஞாயிறு இவர் கூட்டிவருகிறார். தலையணை உறைகள் நாலு தைத்திருக்கிறேன், வெள்ளைதான், ஓரத்தில் அந்தப் பழுப்பு நிறத்தில் பட்டை வைத்திருக்கிறேன். விளிம்பு தெரியும். சாப்பாட்டுத் தட்டும் பார்த்துப் போடச் சொல். வெள்ளைத் தட்டில் சோறு போட்டால் பாதியை விட்டுவிடுகிறார், பசியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சொட்டு மருந்து காலை, இரவு. மல்லாட்டை கேட்டால் கடலையை அவித்துக் கொடு, வறுத்தது வேண்டாம்.

நான் வரவில்லை. உன் மேல் கோபம் என்று நினைக்காதே. அந்த அறையைப் பார்க்கிற தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

செல்வி


விழுப்புரம்,
22 ஜூலை 2024

செல்வி,

அப்பா வந்து சேர்ந்தார். மாப்பிள்ளை மணிமாறன் வந்து நேரிலேயே சொல்லியிருப்பார். ஆனால் அவர் டீ குடிக்கப் போயிருந்தபோது நடந்ததை நான்தான் எழுத வேண்டும்.

அப்பா வாக்கரோடு அறை வாசலில் நின்றார். உள்ளே போ என்று யாரும் சொல்லவில்லை. அவராகவே உள்ளே போய்க் கட்டிலைத் தொட்டு, உட்கார்ந்து, திரும்பி அந்தச் சுவரைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து அந்த ஐந்தாம் எண் அட்டையை எடுத்துத் தூக்கிப் பிடித்து, சுவரோடு சேர்த்துப் பார்த்தார். பிறகு எழுந்து நேராக நடந்து, வெள்ளை நாதாங்கியில் கை வைத்தார். தடவவில்லை. திரும்பிப் போய் உட்கார்ந்து, மறுபடி எழுந்து வந்தார். இப்படி மூன்று தடவை. பிரபா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

சுவிட்ச் போர்டைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளைக் கோடு போடலாமா என்று அளப்பதற்காக நான் அந்தச் சுவரை ஒட்டி நின்றேன். அப்பா கட்டிலில் இருந்தபடி, "யாரது, தென்னரசா?" என்றார். ஆமாம்ப்பா என்றேன். "தலையில இன்னாடா, பிரைமர் கொட்டிகினியா?" என்றார்.

நான் சுதாரிப்பதற்குள் எழுந்து வந்துவிட்டார். என் தலையில் கை வைத்துத் துடைத்தார். சின்ன வயதில் துண்டால் துவட்டுவாரே, அந்த வேகம். துடைத்துத் துடைத்துக் கையைப் பார்த்தார். கையில் ஒன்றும் ஒட்டவில்லை.

"பெயிண்ட் இல்லப்பா. முடிதான்" என்றேன்.

"எப்ப இப்பிடி வெளுத்துச்சு?"

"ரெண்டு வருசம் ஆவுது."

அவர் கை என் தலையிலேயே இருந்தது. "ரெண்டு வருசமா இதே வூட்லதான கீறோம்" என்றார். "ஒம் மொகம் எனக்குத் தெரியவே இல்லடா. வெறும் கொரல வெச்சிகினே இருந்தேன்."

அவர் என்னை நகரவிடவில்லை. அந்தச் சுவரோடு நிற்கவைத்து மூக்கு, காது, கன்னத்துத் தழும்பு எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு பிரபாவைக் கூப்பிட்டு அவளையும் நிற்கச் சொன்னார். "இளைச்சிட்டியேம்மா" என்றார். மாப்பிள்ளை வந்ததும் அவரையும் நிற்கவைத்தார். கறுப்புச் சட்டை போட்டிருந்ததால் முகம் மட்டும்தான் தெரிகிறது என்றார். எல்லோரையும் பார்த்து முடித்த பிறகு போய்க் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். பிறகு, "செல்வி மட்டும் நிக்கல" என்றார்.

இன்று காலை பட்டனை மூன்றாம் தடவைதான் எடுத்தார்.

நான் வேறு எதுவும் கேட்கவில்லை. என்னோடு பேச வேண்டாம். நீ வருகிற நேரத்தில் நான் வீட்டில் இருக்க வேண்டாம் என்றாலும் சரி, வேலைக்குப் போய்விடுகிறேன். அந்தச் சுவர் முன்னால் ஒரு பத்து நிமிஷம் வந்து நில். ஜல்தியாக வா. வெளிர் நிறத்தில் புடவை கட்டிக்கொண்டு வா.

தென்னரசு


திண்டிவனம்,
25 ஜூலை 2024

அண்ணா,

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்து சேர்ந்தால் அப்பாவிடம் சொல்லிவை.

வெளிர் மஞ்சள் புடவை இருக்கிறது. உன் கடிதம் வந்த அன்றைக்கு அதை எடுத்து அட்டை மேல் வைத்துப் பார்க்கலாம் என்று தேடினேன், அட்டை அப்பாவிடம் இருப்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. எனக்கும் தலை வெளுத்துவிட்டது. சாயம் போட்டு மறைத்து வைத்திருக்கிறேன். இந்தத் தடவை போடாமல் வருகிறேன், இருக்கிற மாதிரியே பார்க்கட்டும்.

உன் நம்பருக்குப் போட்டிருந்த தடையை நேற்று எடுத்துவிட்டேன். ஆனால் கூப்பிடாதே. போனில் வேண்டாம்.

நீ வேலைக்குப் போகாதே. நானும் நீயும் சேர்ந்து நின்றால் அந்தச் சுவரில் இடம் போதுமா, கதவு மறையுமா என்று அளந்து பார்த்துவை.

செல்வி